கடலாடிய பின் கரையைப் பார்த்தோமா?

மாசித் திங்களில் மக நட்சத்திரம் கூடிய நன்னாளில் உற்சவமூர்த்தி கடற்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது தமிழர் வழிபாட்டு மரபின் தொன்மையான சிறப்புகளுள் ஒன்றாகும். ஆண்டு முழுவதும் நாம் இறைவனைத் தேடி ஆலயத்திற்குச் செல்கிறோம். அன்று ஒரு நாள் இறைவனே நம்மோடு வீதி கடந்து, செம்பனைத் தோட்டம் கடந்து, அலைவாய்க்கரைக்கு வருகிறான். நாதசுரமும் உறுமியும் முழங்க, தீவட்டி ஒளியில், முழங்கால் அளவு நீரில் நின்று கைகூப்பும் அந்தக் கணத்தின் பேரின்பத்தை, கோலாசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு கேள்வி. விழா முடிந்த மறுநாள் காலை அக்கரைக்குச் சென்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

ஓர் ஆண்டு, முதல் நாள் இரவு மறந்து விட்டுவந்த குத்துவிளக்கு ஒன்றைத் தேடி, பொழுது புலரும் வேளையில் கரைக்குச் செல்ல நேர்ந்தது. கடல் வற்றி வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. நாம் நீராடிய இடம் முழுவதும் சேறு. கரையோரத்து மரங்களின் வேர்களில் மாலைகள் சுற்றிக் கிடந்தன. சோற்றுப் பெட்டிகள், தண்ணீர்ப் போத்தல்கள், கற்பூர உறைகள், பழந்துணிகள் ஆகியவை ஏற்றத்தின் நீர் எட்டிய எல்லை வரை கோடு போட்டாற்போல் ஒதுங்கியிருந்தன. மலாய் மீனவர் ஒருவர் தம் வலையில் சிக்கிய மாலைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படகின் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தார். அவை பூசைக்குரியவை என்று அறிந்தவர் போலும்; கீழே எறியவில்லை. எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால்கூட அன்று எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவேறு கருத்துகள்

இதுபற்றிப் பேச்செடுத்தால் நம்மிடையே இருவேறு கருத்துகள் எழுகின்றன. "ஆண்டுக்கு ஒரு நாள்தானே, கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும்" என்பது ஒன்று. "கூட்டம் பெருகிவிட்டது, ஆட்களைக் குறைக்க வேண்டும், இயலாவிடில் தீர்த்தவாரியை ஆலய வளாகத்திலேயே ஒரு தொட்டி கட்டி நடத்திவிடலாம்" என்பது மற்றொன்று. முன்னது பொறுப்பைக் கடலின் தலையில் ஏற்றுகிறது. பின்னது மரபையே கைவிடச் சொல்கிறது. இரண்டும் ஏற்கத்தக்கவை அல்ல என்பதே இக்கட்டுரையின் கருத்து. விழா கடற்கரையிலேயே நடைபெற வேண்டும்; அதே வேளையில் கரையைக் காக்கும் ஒழுங்கைப் பிறர் வந்து நமக்கு விதிக்குமுன் நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். அவ்வொழுங்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்ற எண்ணிக்கையைவிட, வருகிறவர்கள் எங்கே நடக்கிறார்கள், எதைச் செய்கிறார்கள், எதை விட்டுச் செல்கிறார்கள் என்பதையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.

இந்தக் கரையின் இயல்பு

முதலில் நாம் நிற்கும் இடத்தின் இயல்பை அறிந்துகொள்ள வேண்டும். செம்பிலாங் என்பது மலாய் மொழியில் முள்ளில் நஞ்சுடைய ஒருவகைக் கடற்கெளுத்தியின் பெயர். சேற்றில் வாழும் அம்மீனின் பெயரைத் தாங்கிய ஊரின் கரையும் சேற்றுக்கரையே. நாகப்பட்டினத்தையோ திருச்செந்தூரையோ போல அலை வந்து அடித்துப் பெருக்கிச் செல்லும் மணற்கரை அன்று இது. மலாக்கா நீரிணையின் அமைதியான நீர், ஆறுகள் கொண்டுவரும் வண்டலைப் படியவைத்து உருவாக்கிய நிலம்.

மாசி மகம் முழுநிலவை ஒட்டி வருவது. முழுநிலவிலும் அமாவாசையிலும் கடலின் ஏற்றமும் வற்றமும் மற்ற நாள்களினும் மிகுதி. சிலாங்கூர்க் கரையில் அந்நாள்களில் இரண்டிற்கும் இடையிலான வேறுபாடு நான்கு மீட்டர் அளவை எட்டும். எனவே நாம் கரையில் விட்டுவருபவற்றை அன்றைய பெருநீர் கடலுக்குக் கொண்டுசெல்வதில்லை. அலையாத்திக் காட்டின் உட்பகுதிக்கு ஏற்றிச் சென்று அங்கே விட்டுவிட்டு இறங்குகிறது. அடுத்த பெருநீர் வரும்வரை அவை அங்கேயே கிடக்கும். "கடல் கொண்டுபோய்விடும்" என்ற நம்பிக்கை இக்கரையில் பொய்த்துப்போவதன் காரணம் இதுவே.

அலையாத்தி மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து விரல்களைப் போல மேல்நோக்கி நிற்பவை அம்மரங்களின் மூச்சுவேர்கள். காற்றில்லாச் சேற்றில் நிற்கும் மரம் அவற்றின் வழியாகவே உயிர்க்காற்றைப் பெறுகிறது. கூட்டம் பல திசைகளிலும் பரவி மிதிக்கும்போது அவை முறிகின்றன. பிளாஸ்டிக் பைகள் மூடிக்கொள்ளும்போது அடைபடுகின்றன. மேலும், வட சிலாங்கூர்க் கரையின் சேற்றுவெளிகள் சைபீரியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் பறவைப் பெருவழியில் ஒரு தங்குமிடம். மாசி, பங்குனித் திங்கள்களில் அப்பறவைகள் வடதிசைப் பயணத்திற்காக இரை தேடி உடலைத் தேற்றிக்கொள்கின்றன. நம் விழாக்காலமும் அவற்றின் உணவுக்காலமும் ஒன்றாக அமைந்திருக்கின்றன.

அலையாத்திக் காடு சைவருக்கு அந்நியமானதன்று. தில்லை என்று நாம் போற்றும் சிதம்பரத்தின் தலமரமாகிய தில்லை, அலையாத்திக் காட்டில் வளரும் மரமே. சிதம்பரத்திற்கு அருகிலுள்ள பிச்சாவரத்தில் அம்மரத்தை இன்றும் காணலாம். அதனை ஒட்டிய கிள்ளைக் கடற்கரைக்கு மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் எழுந்தருளுகிறார். வழியில் கிள்ளை தைக்கால் தர்காவில் இசுலாமியர் பெருமாளுக்கு மரியாதை செய்யும் வழக்கமும் நெடுங்காலமாக உண்டு. பிச்சாவரம் 2022-ஆம் ஆண்டில் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கடலாட்டும் கண்டற்காடும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல என்பதற்குக் கிள்ளை சான்று.

ஆய்வுகள் கூறுவது

பொது நிலங்களில் மக்கள் திரள்வதால் ஏற்படும் விளைவுகளைப் பற்றி அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் ஆராய்ந்து வருகின்றனர். ஒரு மாட்டுப்பண்ணையில் எத்தனை மாடு மேயலாம் என்று கணக்கிடுவதுபோல ஒரு காடு எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிட்டுவிடலாம் என்றே தொடக்கத்தில் பலர் எண்ணினர். அமெரிக்க ஆய்வாளர் ஆலன் வாகர் 1964-இல் வெளியிட்ட ஆய்வு அவ்வெண்ணத்தை அசைத்தது. தாங்கும் அளவு என்பது வெறும் எண்ணன்று; அந்த இடம் எவ்வாறு இருக்க வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ அதைப் பொறுத்தது என்பது அவர் கண்ட முடிவு.

மறு ஆண்டில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அமெரிக்க, கனடா எல்லையிலுள்ள ஏரிக்காடுகளில் படகோட்டிகள் கூடாரமிடும் இடங்களை ஃபிரிசெல், டங்கன் என்ற இருவர் ஆராய்ந்தனர். அரிதாகப் பயன்படுத்தப்படும் இடங்களிலேயே தரைச்செடிகளின் பெரும்பகுதி அழிந்துவிட்டிருந்தது. அதாவது, கேட்டின் பெரும்பங்கு முதலில் வரும் சிலராலேயே ஏற்பட்டுவிடுகிறது. அதன்பின் அதே இடத்தில் இன்னும் பலர் வந்தாலும் கூடுதல் கேடு சிறிதே. பின்வந்த பல ஆய்வுகளும் இதை உறுதிப்படுத்தின.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் வெளிப்படையானது. ஆயிரம் பேர் ஒரே பாதையில் நடந்தால் கெடுவது ஒரு பாதை. நூறு பேர் நூறு திசையில் நடந்தால் கெடுவது கரை முழுவதும். ஆகவே கூட்டத்தைக் குறைப்பதைவிடக் கூட்டத்தை உறுதியான ஒரே வழியில் செலுத்துவதே கரைக்குப் பெரிதும் நன்மை பயக்கும்.

1985-ஆம் ஆண்டில் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர்கள் இச்சிந்தனையை ஒரு நடைமுறையாகவே வகுத்தனர். "எத்தனை பேர் வரலாம்?" என்று கேட்பதை விட்டு, "எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்றுக்கொள்ளலாம்?" என்று கேட்கச் சொன்னார்கள். ஏற்கத்தக்க அளவை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும். அளவு மீறினால் என்ன செய்வது என்பதையும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்னர் எவரோ எங்கோ வகுத்த முறைதானே என்று ஒதுக்க வேண்டாம். வரவு செலவுக் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் ஒப்படைக்கும் ஆலய நிர்வாகத்திற்கு இது புதிய கலையன்று.

கோலாசிலாங்கூரின் சான்று

இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. கம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரையின் பெரெம்பாங் மரங்களில் ஒருசேர மின்னும் மின்மினிகளைக் காண உலகெங்குமிருந்தும் மக்கள் வருகின்றனர். அங்கே துடுப்பு வலிக்கும் சிறு படகில் நான்கு பேர் மட்டுமே ஏற்றப்பட்டு, பேச்சைத் தாழ்த்தவும் ஒளியை அணைக்கவும் அறிவுறுத்தப்பட்டார்கள். இயந்திரப் படகின் இரைச்சலும் கைவிளக்கின் வெளிச்சமும் இன்றி ஒரு காட்சியைக் கண்டு திரும்பலாம் என்பதை அந்தக் கம்பத்து மக்கள் நடைமுறையில் காட்டினார்கள்.

எனினும் அந்த மின்மினிகள் குறைந்து வருவதாகக் கவலை எழுந்தபோது, மலேசிய வன ஆய்வுக் கழகத்தினர் அவற்றை ஆண்டுக்கணக்கில் கண்காணித்தனர். பார்வையாளர் கூட்டத்தைக் காட்டிலும், ஆற்றங்கரைத் தாவரங்கள் வெட்டி அழிக்கப்படுவதே பெரிய ஆபத்து என்பது தெளிவாயிற்று. மின்மினியின் புழுக்கள் கரைச்சேற்றில் வாழும் நத்தைகளை உண்டு வளர்கின்றன. கரை போனால் மின்மினியும் போகும். 2009-இல் சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியத்தின் சட்டத்தின்கீழ் ஆற்றின் ஒரு பகுதி பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கையை மட்டும் குறைத்துக்கொண்டிருந்தால் நோய் ஒன்றிருக்க மருந்து வேறாக முடிந்திருக்கும்.

1987-இல் மாநில அரசும் மலேசிய இயற்கைக் கழகமும் சேர்ந்து தொடங்கிய கோலாசிலாங்கூர் இயற்கைப் பூங்காவிலும் இதே பாடம். அலையாத்திக் காட்டினூடே மரப்பலகைப் பாதை அமைத்தார்கள். பார்வையாளரின் கால் சேற்றில் படாது, வேரும் முறியாது.

தாய்த்தமிழகம் தரும் பாடம்

இவை சுற்றுலாவுக்குப் பொருந்தும், வழிபாட்டுக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். பொருநையாற்றங்கரையில் பாபநாசத்திற்கு மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் சொரிமுத்து அய்யனார் ஆலயம் இருக்கிறது. 1988-இல் அமைந்த அக்காப்பகம் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். ஆடி அமாவாசைக்கு அங்கே இலட்சக்கணக்கானோர் திரள்வர். குடும்பம் குடும்பமாகக் காட்டில் குடிலமைத்துத் தங்குவதும், பழைய ஆடைகளை ஆற்றில் விடுவதும் வழக்கமாக இருந்தது. வனத்துறையும், அசோகா சூழலியல் ஆய்வு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆய்வாளர்களும், உள்ளூர் மக்களும் அவ்விழாவின் விளைவுகளைக் கவனத்தில் கொண்டார்கள். அண்மை ஆண்டுகளில் விழா நாள்களில் தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்தி, அரசுப் பேருந்துகளில் பக்தர்களை ஏற்றிச்செல்லும் ஏற்பாடு வந்தது. பிளாஸ்டிக் பொருள்கள் நுழைவாயிலிலேயே தடுக்கப்பட்டன. அய்யனாருக்குரிய வழிபாடு நிற்கவில்லை.

மறுபுறம் சதுரகிரியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2015 மே மாதத்தில் அம்மலையில் திடீர் வெள்ளத்தில் சிக்கிப் பக்தர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷ நாள்களை ஒட்டி மட்டுமே மலையேற அனுமதி என்ற நிலை பல ஆண்டுகள் நீடித்தது. முன்னேற்பாடு இல்லாத இடத்தில் கட்டுப்பாடு வந்தே தீரும். அக்கட்டுப்பாட்டின் அளவை அப்போது தீர்மானிப்பவர்கள் பக்தர்களாக இருக்கமாட்டார்கள்.

நம்மை மட்டும் சொல்வானேன்?

"ரெமிஸ் கடற்கரையில் கடலுணவு உண்ண வார இறுதிதோறும் கூட்டம் குவிகிறது. சாசாரான் கடலில் வற்றத்தின்போது தோன்றும் மணல்திட்டைக் காணப் படகு படகாகச் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். ஆறுகள் நகரத்துக் குப்பையைச் சுமந்து வருகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் வரும் நம்மை மட்டும் ஏன் குறைகூற வேண்டும்?" என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. இக்கரையின் மொத்தச் சீர்கேட்டில் நம் பங்கு சிறியதே. மறுக்கவில்லை.

ஆனால் சுற்றுலாப் பயணி விட்டுச்செல்லும் போத்தலில் எவர் பெயரும் இல்லை. நாம் விட்டுச்செல்லும் மாலையில் நம் சமயத்தின் பெயர் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. மேலும், ஏற்றநீர் எல்லைக்குக் கீழுள்ள கடல்முகம் தேசிய நிலச் சட்டத்தின்படி மாநில அரசின் நிலம். அங்கே நமக்குப் பட்டா இல்லை. இருப்பது வழக்கமும் இணக்கமும் மட்டுமே. அவ்விணக்கம் கரையோர மீனவரின் பொறுமையிலும் அதிகாரிகளின் நன்மதிப்பிலும் நிற்கிறது.

செய்யத்தக்கவை

ஆலயப் பொறுப்பாளர்களின் கனிவான கவனத்திற்குச் சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, கடலுக்குச் செல்ல ஒரே வழி. மூச்சுவேர்கள் இல்லாத இடத்தைப் பகலிலேயே தேர்ந்து, இருபுறமும் கழி நட்டுக் கயிறு கட்டி, பலகையோ மூங்கில் தட்டியோ விரித்து, சுவாமி செல்லும் வழியிலேயே அனைவரும் செல்லச் செய்தல் வேண்டும். விழா முடிந்ததும் அவற்றை எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, நேரம். ஏற்றம், வற்ற அட்டவணை எவருக்கும் கிடைக்கக்கூடியது. முகூர்த்தம் குறிக்கும்போது பஞ்சாங்கத்தோடு அதையும் பார்த்தல் நலம். நீர் நிறைந்த வேளையில் தீர்த்தவாரி அமைந்தால் எவரும் சேற்றில் வெகுதூரம் இறங்க வேண்டியதில்லை. முதியோருக்கும் குழந்தைகளுக்கும் அதுவே பாதுகாப்பு.

மூன்றாவது, மாலையும் துணியும் கடலுக்குப் போகாமை. கரையில் பெரிய கூடைகள் வைத்து, சுவாமிக்குச் சாத்திய மாலைகளை அவற்றில் சேர்த்து, ஆலயத்து மரங்களுக்கே எருவாக்கலாம். நாரையும் கம்பியையும் முன்பே பிரித்துவிட வேண்டும். இறைவனுக்குச் சூட்டிய பூ மீண்டும் இறைவன் நந்தவனத்தில் பூப்பதைவிடச் சிறந்த நிர்மால்யம் வேறென்ன?

நான்காவது, அன்னதானம் வாழையிலையிலோ கழுவிப் பயன்படுத்தும் தட்டிலோ. 2017 முதலே சிலாங்கூர் மாநிலம் பொலிஸ்திரின் உணவுப் பெட்டிகளுக்குத் தடை விதித்திருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, தோட்டத்து விழாக்களில் நம் தாய்மார்கள் இலை போட்டுப் பரிமாறிய காலத்தில் மறுநாள் கூட்டுவதற்கு எதுவும் மிஞ்சியதில்லை.

ஐந்தாவது, கணக்கு. கரையில் நான்கைந்து இடங்களைக் குறித்துக்கொண்டு, விழாவுக்கு முன்னும் மறுநாளும், மூன்று திங்கள் கழித்தும், அதே இடத்தில் நின்று அதே திசையில் படமெடுத்து வைக்க வேண்டும். எத்தனை மூட்டை குப்பை அகற்றப்பட்டது, எத்தனை மரங்களின் வேர் முறிந்தது என்று எழுதி வைக்க வேண்டும். சென்ற ஆண்டைவிட நிலை மோசமானால் அடுத்த ஆண்டு எதை மாற்றுவது என்பதைப் பொதுக்கூட்டத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இளைஞர் பிரிவினர் கையில் இருக்கும் தொலைபேசியே இதற்குப் போதும்.

இதற்கெல்லாம் பொருள் வேண்டாமா? வேண்டும். நம் விழாக்களில் பூ உபயம் உண்டு. நாதசுர உபயம் உண்டு. மின்விளக்கு உபயம் உண்டு. அன்னதான உபயத்திற்கோ போட்டியே உண்டு. அவ்வரிசையில் "கரை உபயம்" என்ற ஒன்றையும் சேர்ப்போம். கழியும் கயிறும் கூடையும், மறுநாள் காலைத் துப்புரவுக்கு வரும் அன்பர்களின் பசியாறலும் அவ்வுபயத்தில் அடங்கும். விழா அழைப்பிதழில் மற்ற உபயக்காரர்களின் பெயரோடு அவர் பெயரும் அச்சேறட்டும். விழா நிறைவு என்பது சுவாமி ஆலயம் திரும்பும் இரவன்று; கரை பழைய நிலைக்குத் திரும்பும் மறுநாள் பகலே என்று நம் மரபில் ஒரு வரி சேரட்டும்.

எஞ்சியிருக்கும் நிலம்

1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் உருவானது, நம் பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்குகிறது. காடு திருத்தியும் பால்மரம் சீவியும் குலை வெட்டியும் நம் முன்னோர் இவ்வட்டாரத்தில் மூன்று தலைமுறை உழைத்தனர். அந்நிலம் அவர்களுடையதாக இருந்ததில்லை. தோட்டங்கள் கைமாறின, லயன்கள் மறைந்தன, பல தோட்டக் கோயில்கள் இடம் பெயர்ந்தன. கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போன பிள்ளைகள், ஒரே லயத்தில் வளர்ந்தவர்களை மீண்டும் காண்பது இன்று விழா நாள்களில்தான். ஆண்டுக்காண்டு கூட்டம் பெருகுவதும் அதனால்தான். அக்கூட்டத்தைக் குறைக்கச் சொல்ல எவருக்கும் மனம் வராது, சொல்லவும் கூடாது.

தோட்டம் போயிற்று. கரை இருக்கிறது. எவருக்கும் சொந்தமில்லாததால் எல்லாருக்கும் இடந்தரும் அந்தப் பொதுநிலத்தில்தான் நம் பிள்ளைகளுக்கு நாம் காட்டக்கூடிய கடலாட்டு எஞ்சியிருக்கிறது. அதை அடுத்தவர் குறை சொல்லாதபடி வைத்துக்கொள்வது நம் கையில்.

வரும் மாசி மகத்தின் மறுநாள் காலை நாமும் கரைக்குச் செல்வோம். வலையை உலர்த்திக்கொண்டிருக்கும் அந்த மீனவர் நம்மை நிமிர்ந்து பார்க்கட்டும். அப்போது நம் கையில் கூடை இருக்கட்டும். திருவருள் துணைநிற்கும்.